வெள்ளிக்கிழமை கீபோர்டு, திங்கட்கிழமை கரும்பலகை

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவனும் கோயிலில் பாட்டுக்கு வாசிக்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால், அவனைக் குறை சொல்லாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அவர்களும் ஞானஸ்நானத்தன்று என் வாசிப்பைக் கேட்டு வீறிட்டு அழுதுவிடுகிறார்கள். வகுப்பில் பிள்ளையைக் கண்டித்தால் வெள்ளிக்கிழமை அதன் அம்மா கோயிலில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கோயிலில் அம்மாவின் ராகத்தைத் திருத்தினால் திங்கட்கிழமை பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நிற்கும். இரண்டு இடத்தில் வேலை பார்த்து, இரண்டு இடத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்து "ஒண்ணுமில்ல, வெயில்" என்று சொல்லிச் சமாளிக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியில் தமிழ் வாத்தியார். சொந்த ஊர் பொறையார். எங்கள் பக்கத்து லுத்தரன் சபைகளில் வாத்தியார்தான் பாட்டையும் நடத்துவார் என்பது பழைய வழக்கம். அது விமானமேறி இங்கேயும் வந்துவிட்டது; இங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஆராதனையும் அன்றைக்குத்தான். "சார் வாத்தியாராச்சே, வாசிக்கவா தெரியாது?" என்று ஒரு வெள்ளிக்கிழமை கீபோர்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். இன்னும் எழுந்திருக்க விடவில்லை.

இந்த வருஷம் ஜனவரியில் பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். எங்கள் பள்ளியில் ஐந்தாவது வரை தமிழ் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் தமிழ் படிக்கும். ஆறாவதில் இந்தி, மலையாளம், பிரெஞ்சு, தமிழ் என்று நான்கில் ஒன்றை எடுக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் என்னை விட்டு ஓடும். "இந்தத் தடவை பத்துப் பேராவது சேரலைன்னா ஆறாவதுல தமிழை எடுத்துடச் சொல்றாங்க சார். மேல் வகுப்புல இருக்கிற நாலஞ்சு பேருக்கு ஆன்லைன்ல பாத்துக்கலாம், கீழ் வகுப்புக்கு மத்த டீச்சருங்களே போதும்னு சொல்றாங்க" என்றார். தமிழ் இல்லையென்றால் நான் எதற்கு? நான் இல்லையென்றால் என் விசா எதற்கு? மகள் ரூத் இதே பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். பத்தாவது பரீட்சைக்கு அவள் பெயர் இங்கே பதிவாகிவிட்டது. நடுவில் பிடுங்கிக்கொண்டு ஊருக்குப் போனால் அவள் படிப்பு என்னவாகும்?

பெற்றோர் வந்து மொழியைத் தேர்ந்தெடுக்கிற நாள் பிப்ரவரி கடைசியில். அதுவரைக்கும் ஒரு தமிழ்ப் பெற்றோரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எடுத்த பிறகுதான் வரிசையாக இதெல்லாம் நடந்தது.

மணிக்குப் பதில் வாட்ஸப்

எங்கள் கோயில் வளாகத்தில் மணி அடிப்பது கிடையாது. ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம் சபை குரூப்பில் நான் போடுகிற வாட்ஸப் செய்திதான் முதல் மணி. "நாளைக் காலை ஒன்பது மணி ஆராதனைக்கு அனைவரும் தவறாமல் வரவும். வராதவர்கள் காரணம் தெரிவிக்க வேண்டும்" என்று கொஞ்சம் வாத்தியார் தோரணையில்தான் எழுதுவேன். அப்படி எழுதினால்தான் பாதிப் பேராவது வருவார்கள்.

அந்த வியாழக்கிழமை செய்தியை அனுப்பிவிட்டுப் பார்த்தால், அது ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் குரூப்புக்குப் போயிருக்கிறது. இந்த நாட்டில் அவரவர் தொழுதுகொள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்தவரைக் கூப்பிடுகிற வேலைக்கு இடமில்லை. யாராவது புகார் கொடுத்தால் பிப்ரவரி வரை காத்திருக்கவே தேவையில்லை. அவசரமாக அழிக்கப் போனேன். எல்லோருக்கும் அழி என்பதை விட்டுவிட்டு எனக்கு மட்டும் அழி என்பதைத் தொட்டுத் தொலைத்தேன். இப்போது அந்தச் செய்தி என் ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. மற்ற எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது. காதர் பாய். பர் துபாயில் துணிக்கடை வைத்திருக்கிற காயல்பட்டினத்துக்காரர். அவர் பையன் என்னிடம் ஐந்தாவது படிக்கிறான். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "சார், நமக்குத் தொழுகை மத்தியானம்தான். நீங்க காலையில ஒம்பது மணிக்கு வரச் சொல்லி, வராதவங்க காரணம் சொல்லணும்னு போட்டிருக்கீங்க. நான் காரணத்தை என்னன்னு எழுதட்டும்?"

நாலு கட்டை உயரத்தில் ஜெனிபர்

எங்கள் ஹாலில் ஒரே கீபோர்டுதான். ஒரு வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பாஷைக்காரர்கள் அதே ஹாலில் ஆராதனை நடத்துகிறோம்; ஐந்து பேர் மாற்றி மாற்றி அதே கட்டைகளைத் தட்டுகிறோம். அதில் சுருதியை ஏற்றி இறக்க ஒரு பட்டன் உண்டு. விரல் பழகிய இடத்திலேயே வாசித்துக்கொண்டு, சுருதியை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். வாசிக்கிறவர் எழுந்து போகும்போது அதைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு மரியாதை. எங்களுக்கு முன்னால் ஆராதனை நடத்துகிற சபையின் இளைஞர் அன்றைக்கு அவசரத்தில் அதை மறந்து எழுந்து போய்விட்டார்.

எங்கள் சபைப் பொருளாளரின் மகள் ஜெனிபர் அன்றைக்கு முதன்முதலாகத் தனிப்பாட்டு பாடுகிறாள். அவளும் ஐந்தாவதுதான். அவள் அம்மா கிரேஸ் அக்கா நாகர்கோவில்காரர். அந்தப் பாட்டை மூன்று வாரமாக வீட்டில் பாட வைத்துத் தேற்றியிருந்தார். நான் எப்போதும் உட்கார்ந்ததும் முதலில் அந்தப் பட்டனைத்தான் பார்ப்பேன். அன்றைக்கு கிரேஸ் அக்கா முகம் சிரித்த முகமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டேன். சுருதி நாலு கட்டை ஏறிக் கிடந்தது. பல்லவியை எப்படியோ எட்டிப் பிடித்த பிள்ளை, அனுபல்லவியில் கால் பெருவிரலில் நின்றாள். சரணத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டாள். நடுவில் இறக்கினால் இன்னும் அசிங்கம் என்று நான் வேறு பிடிவாதமாக வாசித்து முடித்தேன்.

ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும் இடத்தில் கிரேஸ் அக்கா எனக்காகவே காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கண் சிவந்து ஜெனிபர். கிரேஸ் அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "சார், எம் பிள்ளைக்குத் தமிழும் இந்த ஒசரத்துல வச்சுத்தான் சொல்லிக் குடுப்பியளா?" என்றார்.

பாதியில் போன பேஸ்

எங்கள் பாடகர் குழுவில் பெண் குரலுக்குப் பஞ்சமில்லை. பேஸ் என்கிற அடிக்குரலுக்கு ஆளே கிடையாது, செல்வராஜைத் தவிர. செல்வராஜ் சாரம் கட்டுகிறவர். சாத்தான்குளம் பக்கம். துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவர்கள் கம்பெனி பஸ் ஷார்ஜாவில் ஆட்களைக் கடைத்தெருவுக்கு இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று திரும்பும். மற்றவர்கள் காய்கறியும் சிம் கார்டும் வாங்கப் போவார்கள். இவர் வேகவேகமாக நடந்து கோயிலுக்கு வந்து பின்வரிசையில் நிற்பார். அவர் வாயைத் திறந்தால் ஹாலுக்கே ஒரு அடித்தளம் போட்டது போலிருக்கும்.

சபை ஆண்டு விழாவுக்கு நாலு குரலில் ஒரு பாட்டு. செல்வராஜுக்கு ஒத்திகைக்கு வர நேரமில்லை என்பதால் அவர் பகுதியை நான் பாடி வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். அவர் சாரத்தின் மேல் நின்றபடி பாடிப் பார்த்திருக்கிறார். விழாவன்று பாட்டு நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது சரணத்தின் நடுவில், திரும்புகிற வழியில் அவரை ஏற்ற வந்த கம்பெனி பஸ்ஸின் ஹாரன் வெளியே கேட்டது. அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பஸ்ஸை விட்டால் டாக்சிக்கு எங்கே போவார்? அடிக்குரல் சட்டென்று நின்றது. மேல் குரல்கள் மூன்றும் பிடிமானமில்லாமல் தள்ளாடி, ஆளுக்கு ஒரு பக்கம் போய் முடிந்தன. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். செல்வராஜ் போகிற போக்கில் என் தோளருகே குனிந்து சொன்னார்: "சார், பஸ் வந்துட்டு. மிச்சத்த அடுத்த வாரம் வந்து பாடிருதேன்."

விறகு

எங்கள் ஞானப்பாட்டுகளில் பல ஜெர்மனியிலிருந்து வந்த மெட்டுகள். கப்பலில் வந்த மிஷனரிகள் தமிழில் எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பாட்டுக்கு எட்டு, ஒன்பது சரணம் இருக்கும். ஒன்றைக்கூட விட எங்கள் சபைப் பெரியவர் சம்மதிக்க மாட்டார். ஆனால் எங்களுக்கு அடுத்து அதே ஹாலில் ஆங்கிலக்காரர்களுக்கு ஆராதனை. நேரமாகிவிட்டால் அவர்கள் கதவருகே வந்து நிற்பார்கள். முன்னால் பெரியவர், பின்னால் கதவு. நான் ஒவ்வொரு சரணத்துக்கும் வேகத்தைக் கூட்டிக் கூட்டிப் போக, கடைசிச் சரணத்தில் சபை மூச்சு வாங்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கதவருகே காத்திருந்தவர்களில் ஒருவர், வயதான உயரமான மனிதர், எங்களோடு சேர்ந்து அதே மெட்டை வேறு பாஷையில் பாடிக்கொண்டிருந்தார். ஜெர்மன்காரர், இங்கே ஏதோ கட்டுமானக் கம்பெனியில் ஆலோசகர். முடிந்ததும் என்னிடம் வந்து, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பள்ளிக்கூட வாத்தியார் என்றதும் சிரித்துவிட்டார். அவருடைய முப்பாட்டனாருக்கும் முந்திய ஒருவர், ஆயிரத்து எழுநூறுகளில் ஒரு கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியாராம். காலையில் பிள்ளைகளுக்கு எழுத்து, ஞாயிற்றுக்கிழமை ஆர்கன். கோயில் மணி அடிப்பது, கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது, சாவு வீட்டில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாடுவது, எல்லாம் அவர் தலையில்தான். வீட்டுக்கு வீடு பிள்ளை கணக்குக்குக் கொஞ்சம் காசு, தானியம், முட்டை, குளிர்காலத்துக்கு விறகு. அதுதான் சம்பளம்.

அவர் வாசிப்பு ஊருக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "பிடிக்காமல்தான் போயிற்று. முதலில் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள், பிறகு விறகை நிறுத்தினார்கள். வசந்தம் வருவதற்குள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்" என்று குடும்பக் கதையாகச் சாதாரணமாகச் சொன்னார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, ஆறுதலாகத் தோளில் தட்டினார். "நீங்கள் கொடுத்துவைத்தவர் சார், இந்த ஊரில் குளிரே கிடையாதே!"

எல்லோருக்கும் ஸ்டிக்கர்

பிப்ரவரி நெருங்க நெருங்க என் வகுப்பில் தவறு என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று. ஒட்டகத்தைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால், இரண்டு வாக்கியம் ஒட்டகத்தைப் பற்றியும் மூன்று வாக்கியம் பீட்சாவைப் பற்றியும் எழுதிய பையனுக்கு "மிக நன்று" போட்டேன். எழுதாத பையனுக்கு "முயற்சி நன்று" போட்டேன். எல்லோருக்கும் தங்கநிற ஸ்டிக்கர். பேசினால் அதட்டுவதில்லை. ஓடினால் தடுப்பதில்லை. சிரித்துச் சிரித்து வீட்டுக்குப் போகும்போது என் தாடை வலிக்கும். என் மனைவி ஸ்டெல்லா, "தாடைக்கு மருந்து தடவுற ஒரே வாத்தியார் நீங்கதான்" என்பாள்.

ஜெனிபர் மட்டும் அந்தத் தனிப்பாட்டு நாளிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் அவள் நோட்டில் எழுத்துப் பிழை நிறைய இருந்தது. திருத்தலாமா என்று பேனாவை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கடைசியில் ஒன்றும் திருத்தாமல் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டி நீட்டினேன். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. மனதில் பட்டதை ஆங்கிலத்தில் கேட்டுவிடும். "சார், ஒய் ஆர் யூ ஸோ ஸ்கேர்ட் ஆஃப் அஸ்?"

சுவருக்கு அந்தப் பக்கம்

என் வகுப்புக்கு அடுத்த அறை பிரெஞ்சு. வசந்தி மேடம் என்று பாண்டிச்சேரிக்காரர். தமிழச்சியே என்னிடமிருந்து தமிழ்ப் பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போவதை நினைத்தால் எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது. அவர் வகுப்பில் காகிதத்தில் செய்த பிரெஞ்சுக் கோபுரம் ஒன்று கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மாதம் ஒரு நாள் சீஸும் ரொட்டியும் உண்டு. நானும் விடாமல் ஸ்டெல்லாவிடம் சொல்லி முறுக்கு சுட்டு எடுத்துப் போனேன். பிள்ளைகள் முறுக்கைச் சாப்பிட்டுவிட்டுச் சீஸ் வாசனை வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை பாட்டு. ஆகவே உயிரெழுத்து, வேற்றுமை உருபு, திணை, பால், எல்லாவற்றையும் மெட்டுப் போட்டுப் பாட வைத்தேன். ஒரு நாள் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது கதவைத் தட்டிக்கொண்டு வசந்தி மேடம் வந்து நின்றார். சரி, இவர் பிரின்சிபாலிடம் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபமா வேறேதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. "உங்க பாட்டு சுவரைத் தாண்டி வருது சார். என் பிள்ளைங்க பிரெஞ்சு வினைச்சொல்லையெல்லாம் உங்க மெட்டுலதான் ஒப்பிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெட் கட்டாயிருச்சு

பெற்றோர் வந்து மொழியைத் தேர்ந்தெடுக்கிற வியாழக்கிழமை வந்தது. பள்ளி ஹாலில் நான்கு மேசை. என் மேசையில் கோலம் வரைந்த அட்டை, முறுக்கு, நான். பக்கத்து மேசையில் காகிதக் கோபுரத்தோடு வசந்தி மேடம். பெற்றோர் வர ஆரம்பிக்கும் நேரம் போதகரிடமிருந்து போன். செல்வராஜ் இறந்துவிட்டாராம். இரண்டு நாளைக்கு முன் டூட்டி முடிந்து வந்து படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. இன்றைக்குச் சோனாப்பூரில் உடலைப் பதப்படுத்திப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். சாத்தான்குளத்திலிருந்து மனைவி, ஒரு பாட்டாவது பாடி அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். "நான் ஜெபம் பண்ணிருவேன் சார். எனக்குப் பாட வராது. எல்லாரும் டூட்டியில இருக்காங்க. நீங்க வந்தாத்தான்" என்றார் போதகர்.

நான் யோசிக்காமல் கிளம்பினேன் என்று சொன்னால் பொய். ஹால் வாசலில் நின்று ரூத்தை நினைத்தேன், அவளுடைய பரீட்சையை நினைத்தேன், கிரேஸ் அக்கா உள்ளே வருவதைப் பார்த்தேன். இந்த ஒரு காலைக்காகத்தானே இரண்டு மாதம் பயந்து செத்தேன்! ஆனால் அந்தப் பெட்டியை மூடும்போது பாட ஒருவரும் இல்லாமல் போய்விட்டால் என்ற நினைப்பையும் என்னால் தாங்க முடியவில்லை. பிரின்சிபாலிடம் அனுமதி கேட்டேன். "இன்னைக்கா சார்?" என்றார், பிறகு போய்வரச் சொன்னார். வசந்தி மேடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். மேசையைக் காலியாக விட்டுவிட்டு டாக்சி பிடித்தேன்.

சோனாப்பூரில் பெட்டி வைத்திருந்த சின்ன அறையில், கேம்பில் அவரோடு தங்கியிருந்த ஆறேழு பேர் டூட்டி உடுப்போடு நின்றார்கள். ராமநாதபுரம், விழுப்புரம் பக்கத்துப் பையன்கள். எங்கள் பாட்டு ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். ஊரில் குடும்பம் வீடியோவில் பார்க்கிறது. கீபோர்டு இல்லை, சுருதிக்கு ஒன்றுமில்லை. பதற்றத்தில் உயரமாக எடுத்துவிட்டேன். முதல் சரணம் நடுங்கியது. இரண்டாவதில், அடிக்குரல் வந்து தாங்க வேண்டிய இடம் வந்தது. தாங்க ஆளில்லை. அங்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன், அழுதுகொண்டே கடைசிச் சரணம் வரை பாடி முடித்தேன். ஒரு சரணத்தையும் விடவில்லை. போனைப் பிடித்திருந்தவன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான். "சார், கோச்சுக்காதீங்க, நெட் கட்டாயிருச்சு. ஊர்ல அக்காவுக்கு ஒண்ணும் கேக்கல. முதல்லேருந்து ஒருக்கா பாடுங்க சார்."

இடமில்லை

இரண்டாம் முறையும் பாடிவிட்டுப் பள்ளிக்குத் திரும்பினபோது ஹாலில் மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். காகிதக் கோபுரத்தைப் படுக்க வைத்து இரண்டு ஆட்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். என் மேசையில் முறுக்குத் தட்டு காலியாக இருந்தது. அது யார் சாப்பிட்டதோ. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, பெட்டிகளைத் தூசி தட்டி வைக்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். வசந்தி மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு போகிற போக்கில், "பிரெஞ்சு ஃபுல் ஆயிடுச்சு சார். அதுக்கு மேல வந்த தமிழ்க்காரங்களை உங்க பக்கம் அனுப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

திங்கட்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். தமிழுக்குப் பன்னிரண்டு பேர். காதர் பாய் பையன் இருந்தான். ஜெனிபர்கூட இருந்தாள், கிரேஸ் அக்கா பிரெஞ்சு மேசைக்குத்தான் முதலில் போனாராம். பிரின்சிபாலுக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. "பிரெஞ்சு ஃபுல்னு யாரு சார் சொன்னது? நான் அப்படி ஒரு அளவே வைக்கலையே. பாதி பெஞ்சு காலியாத்தானே இருக்கு?"

நேராகப் பக்கத்து வகுப்புக்குப் போனேன். இடைவேளை நேரம், வசந்தி மேடம் மட்டும் உட்கார்ந்து நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் காலி பெஞ்சுகள். "ஏன் மேடம்?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "போன வருஷம் என்னைப் பாக்க வந்த இடத்துல எங்கப்பா தவறிட்டாரு. அவரையும் அதே சோனாப்பூர்லேருந்துதான் அனுப்பினோம் சார். ஒரு பாட்டுப் பாட ஆள் தேடினேன், ஒருத்தரும் கிடைக்கல."

பயந்து பயந்து என் இடத்திலேயே நின்ற அத்தனை நாளும் காப்பாற்றாத வேலையை, நான் இடத்தில் இல்லாத ஒரு காலைப்பொழுது காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் அடுத்த பிப்ரவரியை நினைத்து, ஸ்டெல்லாவிடம் இப்போதே முறுக்குக்குச் சொல்லி வைத்துவிட்டேன்.